மானிப்பாயிலிருந்து கிரெம்ளினைப் பார்த்த கதை

வெளிநாட்டுச் சர்வாதிகாரத்தை ஆராய்வதில் உள்ள ஒரே வசதி, அது வெளிநாட்டில் இருப்பதுதான். அந்த வசதியை நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வரலாறு படித்துவிட்டு ஊரில் காலம் தள்ளும் என் சக பாவிகளே, இதெல்லாம் உங்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். மருத்துவம் படித்தவரைக் கண்டால் ஊர் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லும். பொறியியல் படித்தவரைக் கண்டால் கிணற்று மோட்டரைக் காட்டும். நம்மைக் கண்டால், "அப்ப வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்கும்.

சோவியத் நாட்டில் ஒரே ஒரு மனிதர் எப்படி அவ்வளவு அதிகாரத்தையும் கைக்குள் வைத்திருந்தார் என்பது என் ஆராய்ச்சி. அவர் பெயரை எழுதப்போவதில்லை, கிரெம்ளின்காரர் என்றாலே உங்களுக்குத் தெரியும். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து மானிப்பாய்க்கு ஓடிவந்தபோது என் பெட்டிக்குள் இரண்டு சேலை, மிச்சமெல்லாம் கிரெம்ளின்காரர். அவரைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதியே தீருவேன் என்று நின்றேன். முடிக்கப் பதினொரு வருஷம் பிடித்தது. அதில் எனக்குத் துணை நின்றவர் ஒரு மனிதர். அவருக்கு என்ன நடந்தது, அதில் என் பங்கு என்ன என்பதுதான் கீழே வரும் துணுக்குகளில் பாதி. சிரிக்கக்கூடிய இடத்தில் சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

தப்பிய சம்பந்தம்

ஊருக்கு வந்த அடுத்த வருஷம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எனக்கு முப்பத்தைந்து வயது. மாப்பிள்ளை வரவில்லை, அவருடைய தாயும் தகப்பனும் வந்தார்கள். தகப்பன் வடை எடுக்குமுன் ஒருமுறை மனைவியின் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது வடைக்கும் பார்த்தார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை, கையை மடக்கிக்கொண்டார். ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

"பிள்ளை என்ன படிப்பிக்கிறா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். ரஷ்யாவில் ஒரு தனி ஆள் எப்படி எல்லாரையும் பயப்படுத்தி ஆண்டார் என்பதைப் படிப்பிக்கிறேன் என்று, அவருக்கு விளங்கட்டும் என எளிமையாகச் சொன்னேன். விளங்கிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

"நல்லது பிள்ளை. ஆனால் எங்கடை வீட்டுக்கு உதிலை ஒராள் போதும்."

நாலெழுத்து

ரஷ்ய மொழி எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். அப்போதுதான் கோப்பாயில் குகநேசன் இருப்பதாக அறிந்தேன். மொஸ்கோவில் ஐந்து வருஷம் பொறியியல் படித்து, பட்டம் எடுக்காமல், ஒரு கம்பளிக் கோட்டோடும் சுத்தமான ரஷ்ய மொழியோடும் திரும்பி வந்தவர். வந்தபின் கொஞ்சக்காலம் ஒரு சிறிய ஆயுத இயக்கத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதினார், அதுவும் சரிவரவில்லை. வெங்காயத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். "அக்கா, பகலிலை தோட்டம், பின்னேரம் கிரெம்ளின்" என்று ஒத்துக்கொண்டார். அவர் மனைவி தவமணி, இடுப்பில் பிள்ளையோடு, எனக்கு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டாள். அன்றிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் சைக்கிளில் கோப்பாய்.

ஒருநாள் நானும் அவரும் சைக்கிளில் வரும்போது வீதியில் நின்ற இரண்டு இயக்க இளைஞர்கள் மறித்தார்கள். என் கூடைக்குள் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்தார் ஒருவர். அட்டையில் சோவியத் நாட்டின் பெயர் ரஷ்ய எழுத்தில் சுருக்கமாக நாலெழுத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் நம் ஊரில் மூன்றெழுத்து, நாலெழுத்து, ஐந்தெழுத்து என்று கிழமைக்கு ஒரு இயக்கம் முளைத்துக்கொண்டிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இளைஞர் அட்டையை நெடுநேரம் பார்த்தார். "உவை ஆர்? இஞ்சை இயங்கிறதுக்கு எங்களிட்டைக் கேட்டவையோ?" என்றார். குகநேசன் சைக்கிளை விட்டு இறங்கி, மிகவும் பணிவாகப் பதில் சொன்னார்.

"இல்லைத் தம்பி, அவை எங்களுக்குக் குறுக்கை வரமாட்டினம். அவை வடக்கு. இன்னும் கொஞ்சம் வடக்கு."

மாப்பிள்ளைத் தோழன்

கிரெம்ளின்காரர் தனக்குப் பிடிக்காமல் போனவர்களைக் கொன்றதோடு விடமாட்டார், பழைய படங்களிலிருந்தும் எடுத்துவிடுவார். நேற்றுவரை பக்கத்தில் நின்று சிரித்த ஆள் இன்றைக்குப் படத்தில் ஒரு மதில் துண்டாக இருப்பார். வாசிகசாலையில் ஒருமுறை இதைப் பற்றிப் பேசினேன். நாற்பது பேர் வந்திருந்தார்கள், பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். என் பேச்சு யாருக்குப் பயன்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

ஓர் இயக்கம் மற்ற இயக்கங்களைத் தடைசெய்த காலம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த பூமணியக்கா, தன் மகளின் கலியாண அல்பத்தையும் கத்தரிக்கோலையும் கொண்டு ஒரு காலைநேரம் என் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளைத் தோழனாக நின்ற பையன் பின்னாளில் தடைசெய்யப்பட்ட ஓர் இயக்கத்துக்குப் போய்விட்டான். வீட்டில் தேடுதல் வந்தால் படத்தைக் கண்டு கேள்வி கேட்பார்கள். "உங்கடை ரஷ்யாக்காரர் எப்பிடி வெட்டினவை? அதுமாதிரி வடிவா வெட்டித் தாங்கோ" என்றார். பத்து வருஷக் கல்வியில் முதல் தடவையாக ஒருவர் என் தொழில் அறிவைக் கேட்டு வந்திருந்தார், பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் நம் கலியாணத்தில் தோழன் என்பவர் மாப்பிள்ளையோடு ஒட்டிக்கொண்டே திரிகிறவர். மணவறையிலும் அவர்தான், தாலி கட்டும்போதும் அவர்தான், கால் கழுவும்போது குனிந்து நிற்பவரும் அவர்தான். எந்தப் படத்தை எடுத்தாலும் அவரை வெட்டினால் மாப்பிள்ளைக்கு ஒரு தோள் இல்லாமல் போகிறது. கிரெம்ளின்காரருக்கு இந்தக் கஷ்டம் இருக்கவில்லை, அங்கே தோழன் கிடையாது. அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏலாது பூமணியக்கா என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப மாப்பிளையையும் சேர்த்து வெட்டுங்கோ ரீச்சர். அவர் கனடாவிலைதானே, காணமாட்டார்."

தலைப்பு

நான் படிப்பித்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே என் பாடத்துக்கு முதலில் இருந்த தலைப்பு 'சோவியத் சர்வாதிகாரம்'. இலங்கை இராணுவம் தன்னைத்தான் சொல்வதாக நினைக்கும் என்று, எங்கள் துறைத்தலைவர் அதை 'சோவியத் அதிகாரக் கட்டமைப்பு' என்று மாற்றினார். இந்திய இராணுவம் வந்தது, அவர்களுக்கு ரஷ்யா சினேகித நாடு என்று 'சோவியத்' போனது. அவர்களும் போய் இயக்கத்தின் ஆட்சி வந்தபோது 'அதிகாரம்' என்ற சொல்லே ஆபத்து என்றார். கடைசியில் அறிவித்தல் பலகையில் என் பாடம் 'குளிர்ப்பிரதேச நாடுகளின் நிர்வாகம்' என்று தொங்கியது. புவியியல் மாணவர்கள் மூன்று பேர் பனிக்கட்டியைப் பற்றிப் படிக்கலாம் என்று வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தவறில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. துறைத்தலைவரின் அறைக்குப் போய், இதைவிட என்னை ஒரேயடியாக நிற்பாட்டிவிடுங்கள் என்று கத்தினேன். அவர் மிகவும் நல்ல மனிதர். யாரையும் பகைக்கமாட்டார், யாருக்கும் உதவவும் மாட்டார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உள்ளுக்கை நீர் என்னத்தையும் படிப்பியும். தலைப்பு மட்டும் ஒருத்தருக்கும் விளங்கப்படாது."

டைனமோ

தொண்ணூறுக்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் இல்லை, பற்றறியும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் வானொலி கேட்போம். தொண்ணூற்றொன்று மார்கழியில் சோவியத் நாடு இல்லாமல் போன செய்தியை நான் கோப்பாய்ச் சந்தியில் உள்ள ஒரு தேத்தண்ணிக் கடையில் அப்படித்தான் கேட்டேன். குகநேசன் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். செய்தி வாசித்தவர் நாடு கலைந்தது என்று சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது. வானொலியும் நின்றது. எழுபது வருஷ வல்லரசு எனக்கு அரை வசனத்தில் முடிந்துபோயிற்று. ஐந்து வருஷம் அந்த நாட்டின் பாணைத் தின்றவர், கோட்டைப் போட்டவர், பாவம், கண் கலங்கினார்.

கடைக்காரர் முருகேசண்ணைக்கு என் நிலைமைதான் கவலையாக இருந்தது. படிக்கிற நாடே இல்லாமல் போனால் சம்பளம் யார் தருவார்கள் என்று விசாரித்தார். பிறகு வீதியை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் ரீச்சர் உவ்வளவு தூரம்? கிட்டடியிலை பாத்து ஒண்டை எடுத்துப் படிக்கேலாதே?"

நல்ல வாசகர்

என் புத்தகத்தின் முதல் நான்கு அத்தியாயங்களை ஒரு சிறுசஞ்சிகை தொடராகப் போட்டது. வாசகர் கடிதம் ஒன்றும் வரவில்லை. வாசகர் நேரிலேயே வந்தார். இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளர் என்றார், முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். பயத்தில் எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டது. அவர் மடியில் என் கட்டுரைகள். பக்கத்துக்குப் பக்கம் கோடு கீறி, ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். அயலவரைக் கொண்டு அயலவரை அறிவது எப்படி, ஒருவரைப் பிடிக்குமுன் அவருடைய சினேகிதரை எப்படி விலக்குவது என்ற இடங்களில் இரட்டைக் கோடு. நான் கண்டித்து எழுதியதை அவர் சமையல் குறிப்பு மாதிரிப் படித்திருந்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகக் கவனமான வாசகர் அவர்தான், வெட்கத்தோடு சொல்கிறேன்.

"ரஷ்ய ஆவணமெல்லாம் நீங்களே வாசிக்கிறியளோ அக்கா?" என்று கேட்டார். இந்த இடத்தில் நான் செய்ததை நம் தொழிலில் உள்ளவர்கள்தான் செய்வார்கள். மூலத்தைச் சொல்லாதவன் கள்ளன் என்று இருபது வயதிலிருந்து எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். ஒருவர் உதவியதை என் திறமையாகக் காட்டினால் எனக்கு நித்திரை வராது. அந்தப் பழக்கத்தில், கோப்பாய்க் குகநேசன்தான் வாசித்துச் சொல்கிறவர், மொஸ்கோவில் படித்தவர், நல்ல அரசியல் அறிவு உள்ளவர் என்று முழு விபரமும் கொடுத்தேன். அடிக்குறிப்பில்கூட இவ்வளவு விபரம் நான் போட்டதில்லை. அவர் பேனையைத் திறந்து அதை ஓரத்தில் எழுதிக்கொண்டார். எழும்பும்போது புன்சிரிப்போடு நன்றி சொன்னார்.

"நல்ல பிரயோசனமான வேலை செய்யிறியள் அக்கா. மூண்டாம் அத்தியாயத்திலை கொஞ்சம் விளக்கம் போதாது, அதை ஒருக்கால் பாருங்கோ."

சாரம், துவாய், சவர்க்காரம்

பதினாறு நாள் கழித்துக் குகநேசனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பழைய துண்டுப்பிரசுரம் சம்பந்தமாக ஒருக்கால் கதைத்துவிட்டு விடுகிறோம் என்றார்களாம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் கால் கழுவிவிட்டுச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். என் பேச்சினால்தானா, இல்லை அவர் பெயர் முன்பே எங்கோ இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை சோறு தின்கிறேன்.

தவமணியோடு நானும் இயக்கத்தின் முகாம் வாசலுக்குப் போனேன். உடுக்கச் சாரம், துடைக்கத் துவாய், குளிக்கச் சவர்க்காரம், ஒரு போத்தல் நல்லெண்ணெய். வாசலில் நின்றவர் வாங்கி உள்ளே வைத்தார். தவமணி என்னைப் பார்த்தாள். "வாங்கிறவை எண்டால் ஆள் இருக்கிறார் தவமணி" என்று நம்பிக்கையோடு சொன்னேன். என் புத்தகத்தில் ஆறாம் அத்தியாயமே அதுதான். மொஸ்கோவில் சிறைச்சாலைச் சாளரத்துக்கு முன்னால் பெண்கள் பொட்டலத்தோடு வரிசையில் நிற்பார்கள். பொட்டலத்தை எடுத்தால் ஆள் உயிரோடு, எடுக்காவிட்டால் இல்லை. குகநேசன்தான் அந்தப் பெண்களின் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டியவர். நான்கு மாதம் ஒவ்வொரு வெள்ளியும் போனோம், ஒவ்வொரு வெள்ளியும் வாங்கினார்கள். ஐந்தாம் மாதம் இரண்டாவது வெள்ளி, வாசலில் நின்றவர் பையைத் தவமணியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

தவமணி சந்தோஷப்பட்டாள். சாமான் வேண்டாம் என்றால் விடப்போகிறார்கள் என்றுதானே அர்த்தம் என்று வரும் வழியெல்லாம் கேட்டாள். நான் ஆறாம் அத்தியாயத்தை எழுதியவள். பையை அவள் கையிலிருந்து வாங்கி என் கூடைக்குள் வைத்தேன். வாசலில் நின்றவர் சொன்னது அவளுக்கு நல்வாக்காகப் பட்டது.

"இனிக் கொண்டுவராதேங்கோ அக்கா. அவருக்கு இனி ஒண்டும் தேவைப்படாது."

முன்னுரை

தொண்ணூற்று நாலில் புத்தகம் அச்சுக்குப் போனது. கடதாசி கிடையாது, ஆகவே கோடு போட்ட அப்பியாசக் கொப்பித்தாளில் அச்சடிப்பதாக ஏற்பாடு. கிரெம்ளின்காரர் என் புத்தகத்தில் கோட்டுக்கு மேல் ஒழுங்காக நடப்பார் என்று சொல்லிச் சிரித்தேன். அச்சகக்காரர் சிரிக்கவில்லை. அச்சுப்படியை என் பக்கம் தள்ளினார். எட்டு அத்தியாயத்திலும் அவர் ஒரு எழுத்தில் கை வைக்கவில்லை. முன்னுரையில் ஒரே ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. 'ரஷ்ய மூலங்களை எல்லாம் எனக்கு வாசித்து விளக்கிய கோப்பாய் குகநேசன் இல்லாமல் இந்தப் புத்தகம் இல்லை' என்ற வரி.

நான் சண்டை பிடித்தேன். எட்டு அத்தியாயமும் எதைப் பற்றி, ஆளையும் எடுத்து ஆளின் பெயரையும் எடுப்பதைப் பற்றித்தானே என்றேன். மனுஷன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு மெஷின். என் குரல் இறங்கியது. கடைசியில் என் பேனையை எடுத்து, நானே அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு கீறினேன். மேலே 'நண்பர் ஒருவர்' என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் வடிவு, அன்றைக்கும் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அச்சகக்காரர் பெருமூச்சு விட்டார்.

"கிரெம்ளின்காரர் செய்த கொலை எல்லாத்தையும் அச்சடிக்கலாம் ரீச்சர், ஒரு பிரச்சினையும் இல்லை. செத்துப்போன எல்லாரின்ரை பேரும் அச்சடிக்கலாம். உந்த ஒரு பேர்தான் ஏலாது."

ஒரு பிரதி

முதல் பிரதியைக் கோப்பாய்க்குக் கொண்டுபோனேன். போகாமல் விட்டிருக்கலாம், விடவும் முடியவில்லை. தவமணி வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு, கையைக் கழுவி, சேலையில் துடைத்து, இரண்டு கையாலும் புத்தகத்தை வாங்கினாள். வழியில் நான் ஒரு விளக்கம் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். உனக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு, அச்சகக்காரரின் நிலைமை, காலம் மாறினால் இரண்டாம் பதிப்பு. நல்ல விளக்கம், விரிவுரை மண்டபத்தில் எடுபட்டிருக்கும்.

அவள் அட்டையைத் திருப்பி முன்னுரைக்குத்தான் போனாள். விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். ஒரு பக்கம் முடிந்தது, மற்றப் பக்கம் முடிந்தது. துறைத்தலைவருக்கு நன்றி இருந்தது, அச்சகத்துக்கு நன்றி இருந்தது, தொடராகப் போட்ட சஞ்சிகைக்கு நன்றி இருந்தது. விரல் ஓர் இடத்தில் நின்றது. அவள் கோபிக்கவில்லை, அழவும் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"உந்த நண்பர் ஒருவர் எண்டு போட்டிருக்கிறியள், அது ஆர் ரீச்சர்?"

சர்வாதிகாரத்தைப் பதினொரு வருஷம் ஆராய்ந்த நான், ஒரு மனிதரின் பெயரை வாயை மூடவேண்டிய இடத்தில் மரியாதையாகச் சொல்லி, சொல்லவேண்டிய இடத்தில் என் பேனையாலேயே வெட்டி, என் பாடத்தில் செய்முறைப் பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டேன்.